சாருக்குப் பதிலாக ஷில்பா

பொன்னாடையைப் போர்த்திவிட்டு, காமர்ஸ் எடுக்கிற ரவிகுமார் சார் இந்த வயதிலும் தன் பாடத்துக்கு வெளியே தேடிப் படிக்கிறார், மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரின்சிபால் சொன்னபோது ரவிகுமாருக்குக் காது சுட்டது. ஸ்டாஃப் ரூம் மொத்தமும் கை தட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கூடவே தட்டினார்.

ஆன்லைனில் பதினைந்து நாள் பயிற்சி. பட்டம் வாங்குகிறவர்களுக்குத் தங்கள் பாடத்தைத் தாண்டி என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் தலைப்பு. பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். ஆனால் அதே பதினைந்து நாளில்தான் பங்காருபேட்டையில் அவர் கட்டுகிற வீட்டுக்கு சென்ட்ரிங் வேலை. கேமராவைத் திறக்கச் சொல்லமாட்டார்கள், கேட்டதற்கு டைப் அடித்தால் போதும் என்று தெரிந்ததும், பி.காம். கடைசி வருடம் படிக்கிற ஷில்பாவை லைப்ரரி மூலையில் தன் லேப்டாப் முன்னால் உட்காரவைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை என்பதுதான் இப்போது அவரை அரித்தது. கடைசியில் கொடுக்க வேண்டிய கட்டுரையையும் அவளே எழுதினாள். காற்றடித்தால் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வீட்டுக்குள் வருகிற மண், கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் மட்டும் ஏன் வருவதேயில்லை என்று முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தாள். இருபது வருடமாகக் கணக்குப்பதிவியல் நடத்துகிறவருக்கு அப்படியொரு கேள்வி தோன்றியதே இல்லை.

பாராட்டு முடிந்து வந்து பார்த்தால், மேஜைமேல் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களின் பட்டியல். வகுப்பாசிரியர் அவர்தான், கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது பெயர் ஷில்பா. அந்தப் பதினைந்து நாளும் அவள் மற்ற ஆசிரியர்களின் வகுப்புக்குப் போகவில்லை. ஹால் டிக்கெட் வராது. இந்த வருடம் பாஸ் பண்ணாவிட்டால் அப்பாவோடு கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அவள் வீட்டில் முடிவு செய்திருந்தது அவருக்குத் தெரியும்.

ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"ஆபீஸ்ல கேட்டாங்க சார். காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டேன். டாக்டர் சர்டிபிகேட் இல்லாம ஒத்துக்கமாட்டாங்களாம்."

"நெஜத்த சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்டி சார்? உங்க பேர் கெட்டுடும்ல." கொஞ்சம் தயங்கினாள். "கடைசி நாள் பாதில நெட் போயிடுச்சு சார். நான் எழுதுனதுல ஒரு தப்பு இருக்குன்னு ட்ரெய்னிங் எடுத்த மேடம் சொல்ல ஆரம்பிச்சாங்க. இன்னா தப்புன்னு நீங்க சொல்றீங்களா?"

முதல் பக்கத்தைத் தாண்டி அவர் அதைப் படித்திருக்கவில்லை. பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அவளும் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பட்டியலை இழுத்தார். அவள் பெயருக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் என்றிருந்தது. அதை அடித்துவிட்டு மேலே தன் பெயரை எழுதத் தொடங்கினார். போட்டோவுக்கு எல்லோரும் காத்திருப்பதாக பிரின்சிபால் வாசலிலிருந்து கூப்பிட்டார். பேனா நகராமல் அங்கேயே நின்றது. 'ர' என்ற ஒற்றை எழுத்தைச் சுற்றி மை ஊறிக்கொண்டே போனது.