மயில் போட்ட லாரி

வக்கீல் ஆபீஸ் படிக்கட்டில் குஞ்சம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். இடது காலை மடக்க முடியாததால் நீட்டியே வைத்திருந்தாள். வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். கீழப்பழுவூரிலிருந்து அரியலூருக்கு, கோலை ஊன்றி, முந்தின நாளே புறப்பட்டிருந்தாள். கூட வர யாருமில்லை. கடலைக் காட்டில் நிரை பிடித்துக் களையெடுக்கும் பெண்கள்கூட இப்போதெல்லாம் அவளைக் கூப்பிடுவதில்லை. குந்தி உட்கார முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை?

வெயில் ஏறியபின் குமாஸ்தா பஞ்சநாதன் உள்ளே அழைத்தார்.

"என்னம்மா சங்கதி?"

"தலையில பில்லுக்கட்டோட ரோட்டு ஓரமாத்தாங்க போனேன். மயில் போட்ட லாரி கால்ல ஏறிடுச்சு. கடலை மண்டி லாரிங்க."

"எப்ப?"

"போன தீபாவளிக்கு மொத நாளு. ஒரு வருசத்துக்குள்ள கேஸு போடணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நாளைக்குத்தானே தீபாவளி? வந்துட்டேங்க."

மஞ்சள் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். மடிப்புகளில் அது கிழியத் தொடங்கியிருந்தது. பஞ்சநாதன் படித்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இதுல அக்டோபர்னு இருக்கு. இது நவம்பர். வருசம் முடிஞ்சு பத்தொம்பது நாளாச்சும்மா."

"தீபாவளியே இன்னும் வரலிங்களே."

"இந்த வருசம் தள்ளி வருது. கோர்ட்டுல தீபாவளியா பாப்பாங்க? இங்கிலீஷ் தேதிதான். இவ்வளவு நாளு எங்க போயிருந்த?"

"மண்டி கணக்குப்பிள்ளை சாமிதுரை மாசாமாசம் வூட்டுக்கு வருவாருங்க. தீபாவளிக்குள்ள மொதலாளி ரெண்டு ஆடு வாங்கித் தருவாரு, ஆட்டை மேச்சுப் பொழைச்சுக்கலாம்பாரு. தரலேன்னா தீபாவளிக்கு மொத நாளு வக்கீலைப் போயிப் பாரு, நானே சாட்சி சொல்றேன்னாரு."

"மொத நாளுன்னு அவரே சொன்னாரா?"

"ஆமாங்க. நல்ல மனுசன்."

பஞ்சநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாமிதுரை இருபது வருஷமாக மண்டி வழக்குகளுக்காகக் கோர்ட்டுக்கு நடப்பவர்.

"வக்கீல் ஐயாவை ஒரு தடவ பாத்துட்டுப் போறனே."

"பாத்தாலும் இதைத்தாம்மா சொல்லுவாரு."

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. அவர் விரல் எங்கே போய் எண்ணியது என்று பார்ப்பவள்போலக் காலண்டரையே பார்த்தாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. தேதித் தாளுக்கு மேலே, தோகை விரித்து, ஒரு காலைத் தூக்கியபடி மயில் நின்றது.

"அந்த மயிலுதாங்க," என்றாள்.

பஞ்சநாதன் திரும்பிப் பார்த்தார்.

"மண்டியில வருசா வருசம் குடுக்கறது. எல்லா ஆபீசுக்கும் குடுப்பாங்க."

குஞ்சம்மாள் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தாள். கோலுக்காகத் துழாவினாள். உள்ளே வரும் அவசரத்தில் அதைப் படிக்கட்டிலேயே விட்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மயிலுக்குக் கீழே நொண்டி நொண்டி வாசலுக்குப் போனாள்.