பாயசம் வரைக்கும்

எங்க வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் இந்தத் தீவுல ஹேடோ துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். எவ்வளவு பெரிய சரக்கானாலும் அசராம இறக்குவாரு. அடுத்தவங்களுக்கு ஒரு சின்னத் தொந்தரவுன்னா மட்டும் கூனிக் குறுகிடுவாரு. அந்தக் குணத்தை நினைச்சா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மெயின்லேண்ட்ல வேலை பார்க்கிற எங்க மக கவிப்ரியா, வாட்ச் மாதிரி ஒரு பட்டை வாங்கி அனுப்பினா. ஹார்ட் அட்டாக் வர்ற மாதிரி இருந்தா கண்டுபிடிச்சு, கையில அதிருமாம். "அங்கதான் நெட் அடிக்கடி போயிடுமே, இதுக்கு நெட்டே வேண்டாம்ப்பா. ஏஐ உள்ளேயே இருக்கு. ஒரு தடவை சார்ஜ் போட்டா ஒரு மாசம் ஓடும்"னா. எல்லாம் சரி. ஆனா அவர் கையில யோசிச்சு அவர்கிட்ட மட்டும்தான் அது சொல்லும்.

முதல் தடவை அது அதிர்ந்தப்போ குவார்ட்டர்ஸே திரண்டுச்சு. எங்களுக்கு இங்க சொந்தபந்தம்னு யாரு இருக்கா? பக்கத்து வீட்டு முருகையா ஜீப்பை எடுத்தாரு. எதிர் வீட்டு பெங்காலிக்காரர் ட்யூட்டியை விட்டுட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, "குச் நஹி, ஒண்ணுமில்ல, கேஸ் ட்ரபிள்தான்"னு அனுப்பிட்டாங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரே கேலி. இவரு தலையைத் தூக்கவே இல்லை. "எத்தனை பேரு பொழைப்பு கெட்டுச்சு பாரு ருக்கு"ன்னு அதையே சொல்லிச் சொல்லி மாய்ஞ்சாரு.

அடுத்தது முருகையா மக நிச்சயதார்த்தத்துல. பந்தியில இவருக்குச் சாம்பார் ஊத்தினது முருகையாதான். பட்டை அதிர்றதைப் பார்த்து, "என்னண்ணே?"ன்னு கேட்டிருக்காரு. "மக போன் பண்றா, அப்புறம் பேசிக்கிறேன்"னு இவரு அதை அமுக்கிட்டாராம். நெத்தியெல்லாம் வியர்வையாம். நான் உள்ளே பொண்ணுக்குப் பூ வச்சுக்கிட்டு இருந்தேன், பாவி.

சாம்பாருக்கே எழுந்திருந்தா பிழைச்சிருப்பாரு. பாயசம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாரு மனுஷன். கை கழுவப் போன இடத்துல சாஞ்சுட்டாரு. அதே ஜீப்பு, அதே ஆளுங்க, எச்சில் கையோட ஓடி வந்தாங்க. வழியிலேயே முடிஞ்சுபோச்சு. எந்த விருந்து கெடக்கூடாதுன்னு நினைச்சாரோ, அதுல அப்புறம் ஒருத்தரும் சாப்பிடலை.

மறுநாள் ஃப்ளைட்ல வந்த கவிப்ரியா, அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, "தண்டத்தை வாங்கி அனுப்பிட்டேனேம்மா, அது அடிக்கவே இல்லையா?"ன்னு அழுதா.

பழியை அவ சுமக்கக் கூடாதேன்னு சொல்லிட்டேன்.

"அடிச்சுதுடி. நீ கூப்பிடுறதா சொல்லி அமுக்கிட்டாரு."