பதினோராம் காம்பராவின் இரண்டு அடுப்புகள்

2003இல் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஹட்டனில் ஆறு மாதம் படித்திருந்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் கீழ் லயத்தின் பின்னால் மண் சரிந்துகொண்டிருந்தது. புதிய வீடுகள் கொடுக்கக் குடும்பப் பட்டியல் வேண்டும் என்றார் தோட்டத்து மேனேஜரான துரை. லயத்தில் ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா; பழைய பேரேட்டில் ஒரே காம்பரா எண் இரண்டு மூன்று தடவை வந்தது. ஒரே காம்பராவில் இருந்தாலும், அடுப்பைப் பிரித்துவிட்டால் தனிக் குடும்பம் என்பது லயத்து வழக்கம். பழைய கிளாக்கர் அப்படித்தான் எழுதியிருந்தார்.

“ஒரு விசயம் ஒரு இடத்திலதான் இருக்கோணும், அதுதான் நோர்மலைசேஷன்” என்று ஹட்டனில் முத்துலிங்கம் சேர் சொல்லித் தந்திருந்தார். எது ஒன்று, எது இரண்டு என்று முதலில் பார்க்கச் சொன்னதும் அவர்தான். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம் என்று அட்டவணை போட்டேன். திரும்ப வந்த எண்களையெல்லாம் அழித்தேன். கீழ் லயத்துப் பதினோராம் காம்பரா எங்களுடையது. முன்பக்கம் அண்ணன் கணேசமூர்த்தி, அண்ணி நாகலெட்சுமி, மூன்று பிள்ளைகள். சேலைத் திரைக்குப் பின்னால், தனி அடுப்போடு நானும் என் மனைவியும். இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம். என் பெயரை வைத்தேன். வீட்டுக்கான பட்டியல் என்று தெரிந்தேதான் வைத்தேன். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சேர்க்க முடியவில்லை. பட்டியல் கொழும்புக்குப் போய்விட்டது. துரையிடம் போய் நின்றேன். பேரேட்டைவிட இது சுத்தமாக இருக்கிறதென்று பாராட்டி அனுப்பிவிட்டார். இருபத்து மூன்று குடும்பங்கள் அந்தச் சுத்தத்தில் விடுபட்டுப் போயின.

பட்டியல் ஒட்டிய அன்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அண்ணி என்னிடம் வந்தாள்.

“தம்பி, எங்க பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?”

கம்ப்யூட்டர் விட்டுவிட்டது என்றேன். அவள் நம்பிவிட்டாள் என்பதுதான் இன்றும் என்னைத் தின்கிறது.

குடிபோகும் நாளில் அண்ணன்தான் என் சாமான்களை லொறியில் ஏற்றினான். கடைசியாக அந்தச் சேலைத் திரையைக் கழற்றி, மடித்து என் கையில் கொடுத்தான்.

“மிசினு எங்களை விட்டுருச்சுன்ன. உன் பேரு மட்டும் அதுக்கு எப்படிடா தெரிஞ்சுச்சு?”

பதிலுக்காக அவன் நிற்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சரிந்த மண்ணை வார லயத்தின் பின்பக்கம் போய்விட்டான்.