வலிக்காத கன்னம்

ஓரெஸ்ட் பனித்தரையில் இறங்கினாலே ஊர் எழுந்து நிற்கும். கனடாவின் சாஸ்கச்சுவான் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் பனி ஹாக்கி அணியில் அவன் வேலை கோல் போடுவதல்ல, ஆளை அடிப்பது. அன்றும் எதிரணித் தடியன் ஒருவன் கையுறையை உதறிவிட்டு வந்து, அவன் இடக் கன்னத்தில் மாறி மாறிக் குத்தினான். மூக்கு உடைந்து பனி சிவந்தது. ஓரெஸ்ட் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பதிலுக்கு அவன் விட்ட ஒரே குத்தில் தடியன் சுருண்டு விழுந்தான்.

"இது மூஞ்சியா இரும்பாடா?" என்றார் பயிற்சியாளர் லைல், பூரித்துப்போய்.

"ஒண்ணுமே தெரியல கோச். இந்த வாரம் பூரா இந்தப் பக்கம் மரத்துக் கெடக்கு."

"அதான்டா நமக்கு வேணும்."

ஓரெஸ்டுக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். மூக்கடைப்பு, தலைவலி என்று அவன் முனகியபோது, வீக்கம் வற்றட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரைகளைக் கையில் திணித்தவர் இந்த லைல்தான். சர்க்கரை எகிறியது. சண்டைக்காரன் சளிக்கெல்லாம் டாக்டரிடம் போனால் சிரிக்கிற ஊர் அது. பாழாய்ப்போன ஊர்.

மறுநாள் காலையில் இடக்கண் பிதுங்கியிருந்தது; பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மனைவி தான்யா அவனை சாஸ்கடூன் நகர ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் ஓகிமா மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டார். உள்ளே சதை கரியாகக் கிடந்தது. கிள்ளி எடுத்தார், ரத்தமும் வரவில்லை, அவனுக்கு வலிக்கவும் இல்லை. கிள்ளியதை நுண்ணோக்கியில் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சைனஸ்ல கருப்புப் பூஞ்சைம்மா. ஸ்டீராய்டு ஏத்திவிட்ட சர்க்கரையில வளர்ந்திருக்கு. ரத்தக்குழாய அடைச்சு சதையக் கொன்னுக்கிட்டே போகுது. கன்னம் மரத்தப்பவே வந்திருக்கணும். இப்பவே வெட்டி எடுக்கலேன்னா மூளைக்கு ஏறிடும்."

"கண்ணு?"

"மொதல்ல உயிரப் பாப்போம்."

வெட்டினார்கள், மறுபடியும் வெட்டினார்கள். பூஞ்சைக்கொல்லி மருந்து நரம்பில் எரிந்துகொண்டே இறங்கியது. உயிர் தங்கியது. கண் போய்விட்டது.

பார்க்க வந்த லைல் பல்லைக் கடித்தார். "அந்தத் தடியன அடுத்த மேட்ச்ல பொளந்துடுறோம்."

தான்யா அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "அவன் குத்துல போன கண்ணா இது? நீங்க குடுத்த மாத்திரையில போனது."

கட்டுக்குள்ளிருந்து ஓரெஸ்டின் குரல் வந்தது.

"டாக்டரக் கேக்காம முழுங்கினவன் நாந்தான், தான்யா. கோச், பசங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. நோவ மறைக்கிறது வீரம் இல்ல, தற்கொல. மறைக்கச் சொல்றது கொல."