கதவில் ஒட்டிய ஐந்து நம்பர்கள்

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுக்க, பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

திம்புள்ளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே டிஸ்பென்சரியில் டிஸ்பென்சர் ஐயாவுக்குக் கீழே மருந்து கலக்கிக் கொடுப்பதும் ஊசி போடுவதும் என் வேலை. ஐம்பத்தேழாம் வருஷம் கொழும்பிலிருந்து டாக்டர் கணேசமூர்த்தி வந்தார். தோட்டத்து ஜனங்களின் நெஞ்சு நோயைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்க்கப் போகிறாராம். அறுபது பேர் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பது, சளி எடுப்பது. விருப்பமானவர்கள் சேரலாம், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் யாரிடம் யார் விருப்பம் கேட்டிருக்கிறார்கள்?

"அட்டையில பேர் எழுதவேண்டாம், சின்னராசா. இலக்கம் மட்டும் போடும். ஆருக்கு என்ன நோய், வருத்தம் எண்டு வேற ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றார்.

"சரிங்க ஐயா" என்றேன்.

எந்த இலக்கம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார். வேலைக்குப் போகிற எல்லாருக்கும் செக்ரோல் என்கிற வருகைப் பதிவுப் புத்தகத்தில் ஒரு நம்பர் இருக்கிறது. புதிதாக வேறு எதற்கு? அதையே எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். டாக்டர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வரிசை தெரியாமல் நல்லாக் கலைச்சுப் போட்டிருக்கிறீர்" என்று மெச்சினார். எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியலைப் பெட்டியில் பூட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்.

மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. அறுபதாம் வருஷ மழையில் அவருடைய கடிதம் வந்தது. ஐந்து பேரின் சளியில் டி.பி. கிருமி இருக்கிறது, வியாழக்கிழமை ஹட்டனில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், உரியவர்களுக்கு மட்டும் தெரிவிக்கவும் என்று எழுதி ஐந்து நம்பர்களைக் கொடுத்திருந்தார். ஐந்து பேரும் தோட்டத்தின் நான்கு டிவிசன்களில் சிதறிக் கிடந்தார்கள். வெளியே அடைமழை. எனக்கு முழங்கால் வலி வேறு. ஐந்து நம்பர்களையும் ஒரு தாளில் எழுதி, மேலே 'டி.பி. எக்ஸ்ரேக்கு' என்று தலைப்புப் போட்டு டிஸ்பென்சரிக் கதவில் ஒட்டினேன். பெயர் ஒன்றுகூட இல்லை. டாக்டர் சொன்னபடிதானே செய்தேன்?

மூன்றாம் நாள் சண்முகவடிவு அக்கா வந்து நின்றாள். கொழுந்து பறிக்கிறவள், நான்காம் லயத்து வரிசை வீட்டுக்காரி. அவள் மகள் பூரணிக்கு வட்டகொடையில் மாப்பிள்ளை பேசி, பரிசம் போட நாள் குறித்திருந்தார்கள்.

"மாப்புள வீட்டுல வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க தம்பி. பீலியில தண்ணி புடிக்கப் போனா, அவுங்கவுங்க வாளியத் தூக்கிக்கிட்டு ஒதுங்குறாங்க. யாருகிட்டச் சொன்னீங்க?"

"சத்தியமா யாருகிட்டயும் சொல்லலக்கா."

"அப்ப ஊருக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு? எனக்கே நீங்க இன்னும் சொல்லலியே."

டிஸ்பென்சர் ஐயாதான் உளறியிருப்பார் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். கடிதத்தைப் பிரித்துப் பார்த்திருப்பான் என்று தபால்காரனைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்குப் போய் என் பெண்சாதி அம்மாக்கண்ணுமேல் பாய்ந்தேன்.

"கதவுல ஒட்டினது நீங்கதானே?" என்றாள் அவள்.

"அதுல பேரா இருக்கு? வெறும் நம்பருடி!"

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "சாயந்தரம் மடுவத்துக்கு வந்து பாருங்க" என்றாள்.

மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை தராசடியில் நின்று செக்ரோல் நம்பரைக் கத்தினார்.

"நூத்தி எம்பது!"

ஒருத்தி கூடையோடு போனாள்.

"இருநூத்திப் பதினாலு!"

சண்முகவடிவு அக்கா இன்னும் அடியெடுத்து வைக்கவில்லை. அதற்குள் என் கண் அவளிடம் போய்விட்டது. என் கண் மட்டுமா? அங்கே நின்ற அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பி, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் ஓரடி நகர்ந்தார்கள். இருபது வருஷமாகத் தினமும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு எழுத்துகூடத் தெரியாத பெண்களுக்கும் அந்த நம்பர்கள் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது அது ஏன் என் மண்டையில் உறைக்கவில்லை? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அங்கேயே என்னை யாராவது அறைந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

தாளைக் கிழித்தெறிந்தேன். டாக்டருக்கு நடந்ததை எழுதினேன். வியாழக்கிழமை ஐந்து பேருக்கும் ஹட்டனில் எக்ஸ்ரே எடுத்து, ஊசி மருந்தும் தொடங்கியது. அவரே புறப்பட்டு வந்தார்.

"என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீர்!" என்று கத்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "பிழை என்னிலதான். எந்த இலக்கம் எண்டு நான் கேட்டிருக்க வேணும்" என்றார்.

திட்டு வாங்கத் தயாராக வந்தவனுக்கு இது இன்னும் குழப்பமாக இருந்தது. தப்பு என்னுடையதா, அவருடையதா? யாருடையதாக இருந்தாலும் பூரணியின் கல்யாணம் நின்றது நின்றதுதான்.

டாக்டர் துண்டுச் சீட்டுகளில் புது நம்பர்களை எழுதிக் குலுக்கிப் போட்டார். இந்தமுறை பட்டியலை என்னிடம் காட்டவே இல்லை. ஐந்து பேரின் பழைய அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். சண்முகவடிவு அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவில் பூரணி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, நம்பர மாத்தியாச்சு. இனிமே யாருக்கும் தெரியாது" என்றேன்.

"ஒங்க அட்டையில மாத்திட்டீங்க. நாளைக்கு மடுவத்துல என்னைய என்னான்னு கூப்புடுவாங்க தம்பி?"

நான் டாக்டரைப் பார்த்தேன்.

"வேண்டாம் எண்டா நீங்கள் விலகலாம் அம்மா. ஊசி மருந்து நிக்காது" என்றார்.

"மெய்யாவாங்க? இதுல இல்லாட்டியும் ஊசி உண்டா?"

"உண்டு. சுகமாகும் வரைக்கும் உண்டு."

அவள் நம்பலாமா என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள்.

"அப்ப ஊசியப் போடுங்க. ஒண்ணும் எழுதாதீங்க."

போட்டேன். பழக்கத்தில் என் கை பேனாவுக்குப் போனது. டாக்டர் என்னைத் தடுத்து, மூன்று வருஷத்து விவரம் எழுதிய அவளுடைய அட்டையை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதை வாங்கி, என் கண்ணில் படாதபடி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.