சடையப்பன் அவிழ்த்த கட்டு

ஐந்தாவது ஞாயிறாகவும் சடையப்பனின் காலில் கட்டைக் காணோம்.

ஏசுதாஸ் மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் புண்களுக்குக் கட்டுப்போடும் வேலை அவருக்கு. வீடு திருக்கழுக்குன்றத்தில். அது எழுபத்துநாலாம் வருஷம். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் உழைத்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரிலுள்ள கோயில் மலையடிவாரத்துக்கு வந்துவிடுவார். அங்கே பிச்சைக்கு உட்கார்ந்திருந்த சடையப்பனின் உள்ளங்காலில், தொழுநோயால் உணர்ச்சி செத்த இடத்தில், உள்ளங்கையளவு புண். ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவினாரே, நாம் இதையாவது செய்வோம் என்றுதான் தொடங்கினார்.

“கட்டு எங்க பெரியவரே?”

“அவுந்து பூட்ச்சி நைனா.”

“அஞ்சு வாரமா அவுந்துகினே கீதா? நான் போட்ட கட்டு தானா அவுறாது. நெசத்தச் சொல்லு.”

சடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வெள்ளத்துணி சுத்திகினு குந்தினா, ஆஸ்பத்திரிக்காரன் பாத்துக்கறான்னு சனம் தாண்டிப் பூடுது. புண்ணு தெரிஞ்சாத்தான் நிக்கிது. நீ வாரத்துக்கு ஒருதபா வர்ற. பசி தெனைக்கும் வருது.”

“காலயே வெட்டி எடுப்பாங்க, அப்ப தெரியும்!” மலையேற வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் ஏசுதாஸ். பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கடைத்தெரு வரைதான் போக முடிந்தது. திரும்பி வந்து புண்ணைக் கழுவிக் கட்டினார்.

சாயங்காலம் சபை மூப்பரிடம் போனார். அந்த மனுஷனுக்கு ஒருவேளைச் சோறு, வீட்டுக்கு ஒருநாளாக முறைவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

“ஞானஸ்நானம் எடுப்பானா?” என்றார் மூப்பர்.

“பசிக்கிதுன்னு சொன்னாருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“அப்ப அடுத்த மாசம் கமிட்டியில வெச்சுப் பேசுவோம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் மனைவி பொன்னியிடம் கொட்டினார்.

“கமிட்டி கூடறதுக்குள்ள அந்தாளு காலு அழுகிப் பூடும்” என்றாள் பொன்னி. “நம்ம ஒலையில ஒரு பிடி அரிசி சேத்துப் போட்டாத் தீந்துது. மத்தியானம் நானே எடுத்தும்போயி குடுக்கறேன்.”

சொன்னபடியே தூக்குச்சட்டியில் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கட்டு காலில் இருந்தது. ஆனால் சேற்றில் ஊறிக் கறுத்து, நாறிக்கொண்டிருந்தது.

“இன்னா பெரியவரே இது?”

“கொளத்துல எறங்கினேன். உங்க வூட்டம்மா சட்டிய எச்சிலோடவா திருப்பிக் குடுக்கறது? தெனைக்கும் கழுவித்தான் குடுத்தேன்.”

“தண்ணியில கால வெக்காதன்னு எத்தினி தபா சொல்றது! உன்னோட ஒரே பேஜாரு!”

கத்திக்கொண்டே மண்டிபோட்டு உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். புண் ஆறியிருக்கவில்லை. ஆனால் போன வாரத்தைவிடப் பெரிதாகவும் ஆகியிருக்கவில்லை. திட்டுவதை நிறுத்தாமலே கழுவ ஆரம்பித்தார்.