ரபிகாவுக்குச் சொன்ன வாழ்த்து

நிலக்கரிச் சுரங்க நகரமான கரகண்டாவில் பேருந்து ஓட்டும் துலேகன் பேச்சில் மகா கஞ்சன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் மனைவி ரபிகாவிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு மத்தியானப் பொழுதுக்குத் தாங்காது. அப்படிப்பட்டவன் அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் எழுந்து மைக்கை வாங்கினான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான்.

"பனிக்காலத்துல எங்க வீட்டுக்குள்ள வர்ற முதல் வெளிச்சம் சூரியன் இல்லை, நீ மூட்டுற அடுப்பு. உன் கை ஓய்ஞ்சு நான் பார்த்ததே இல்லை."

நாத்தனார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரபிகா அழுதேவிட்டாள். இந்த மனுஷன் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்! அந்த வசந்தம் முழுக்க அவனுடைய சிடுசிடுப்புகூட அவளுக்கு இனித்தது.

ஆகஸ்டில் டிப்போ மெக்கானிக் சபார் வீட்டு விசேஷம். இறைச்சித் தட்டுகள் வந்ததும் சபார் எழுந்து மனைவியைப் பார்த்தான். "பனிக்காலத்துல எங்க வீட்டுக்குள்ள வர்ற முதல் வெளிச்சம்..."

அடுத்த வரியை ரபிகாவே சொல்லியிருப்பாள். சபார் குடியிருப்பது ஐந்தாவது மாடியில். அங்கே வெந்நீர்க் குழாய்தான் வீட்டைச் சூடாக்கும்; மூட்டுவதற்கு அடுப்பே கிடையாது.

திரும்பும் வழியில் காரில் கேட்டாள். "ஏங்க, சபார் உங்களைப் பார்த்து எழுதினாரா, நீங்க அவரைப் பார்த்து எழுதினீங்களா?"

"யாரும் யாரையும் பார்க்கலை. போன்ல செயற்கை அறிவு இருக்குல்ல, அது எழுதிக் குடுத்தது. டிப்போவுல எல்லாரும் அப்படித்தான்."

"அதுக்கு என்னைத் தெரியுமா?"

"பொண்டாட்டி, ஐம்பது வயசு, பாலர் பள்ளியில சமையல்னு போட்டேன். நல்லாத்தானே இருந்துச்சு? நீகூட அழுதியே."

"அழுதேன். அதான் வயிறு எரியுது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நிலக்கரி வண்டி போய்க்கொண்டே இருந்தது. துலேகன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சொன்னான்.

"முதல்ல நானே ஒண்ணு எழுதினேன். ரெண்டே வரி. சபையில சிரிப்பாங்கன்னு அழிச்சுட்டேன்."

ரபிகா சட்டென்று திரும்பினாள். "என்ன எழுதினீங்க?"

அவன் யோசித்தான். நெற்றி சுருங்கியது.

"ஞாபகம் இல்லை."

"ஒரு வார்த்தையாவது?"

"நானும் தேடித்தான் பார்க்கிறேன் ரபிகா. அந்தத் தாள்ல இருந்ததுதான் வாயில வருது."

கேட் திறந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ரபிகா கதவைத் திறந்து இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, தனியாக நடந்து போனாள்.